ஆடு மாதிரி உட்கார்ந்திருக்கும் டெய்சி

இன்னைக்கு ஒரு செடியைப் பத்திப் பேசப் போறேன். காதால கேட்டே ஒரு செடியை மனசுக்குள்ள கொண்டு வர்றது கொஞ்சம் சிரமம்தான். அதனால மெதுவாப் போவோம்.

நியூசிலாந்தோட தெற்குத் தீவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மரங்கள் எல்லாம் கீழேயே நின்னு போச்சு. சுத்தி எங்க பார்த்தாலும் உடைஞ்ச கல், சரளை, பாறை. அந்தப் பாறைகளுக்கு நடுவுல, வெள்ளையும் சாம்பலுமா, ரோமம் அடர்ந்த முதுகோட நாலஞ்சு ஆடு படுத்திருக்கு. நீங்க கிட்டப் போறீங்க. ஆடு அசையலை. இன்னும் கிட்டப் போய் முதுகு மேல கையை வைக்கிறீங்க. கம்பளி மாதிரி மெத்துனு இருக்கணும் இல்லையா? அப்படி இல்லை. விரல் நுனியைக்கூட நுழைக்க முடியாத அளவுக்கு இறுக்கமா, ஆயிரக்கணக்கான கிளை நுனிகள் ஒண்ணை ஒண்ணு நெருக்கிட்டு நிக்குது. கம்பளின்னு நீங்க நினைச்சது ஒவ்வொரு இலை நுனியிலயும் இருக்கிற மயிர்க்கற்றை. அந்த "ஆடு" முழுக்க ஒரே ஒரு செடி.

அந்த ஊர்க்காரங்க இதுக்கு வெஜிடபிள் ஷீப்னு பேர் வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு காய்கறி ஆடுன்னு மொழிபெயர்த்துடாதீங்க, தாவர ஆடுன்னு வச்சுக்கலாம். மந்தையை மலையிலிருந்து இறக்க வந்த மேய்ப்பர்கள் இதைப் பார்த்து ஏமாந்த கதைகள் அங்க நிறைய உண்டு. கதைகள் எந்த அளவுக்கு நிஜமோ, தூரத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்தா நம்பத்தான் தோணும். தாவரவியல் பேர் ரவூலியா எக்ஸிமியா. பெரிய செடி 2 மீட்டர் வரைக்கும் அகலமா, அரை மீட்டருக்கு மேல உயரமா வளரும். இதுல முக்கியமான விஷயம், இது ஒரு டெய்சி. அதாவது நம்ம பூக்கடைச் சாமந்தியோட குடும்பம்.

இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டாத்தான் மத்தது புரியும். சூரியகாந்திக் குடும்பம்னு சொல்லுவாங்க. உலகத்துல பூக்கும் செடிகள்லயே ரொம்பப் பெரிய குடும்பங்கள்ல ஒண்ணு, 25,000 இனங்களுக்கு மேல இருக்கு. இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு தில்லுமுல்லு உண்டு. நாம "ஒரு பூ"ன்னு சொல்றது ஒரு பூ கிடையாது. நூத்துக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒரே மேடையில நெருக்கி உட்கார்ந்து, தூரத்துல பார்க்கறவங்களுக்கு ஒரு பூ மாதிரி தெரியும். அந்தக் கூட்டத்துக்குத் தலைமஞ்சரின்னு பேர். சாமந்தி மாலையிலிருந்து ஒரு "இதழை"ப் பிய்ச்சா, நீங்க பிய்ச்சது உண்மையில ஒரு முழுப் பூ.

இதைப் பார்க்கறதுக்குக் கடைக்கே போக வேண்டாம். காலி மனையில, ரயில்வே தண்டவாளத்து ஓரத்துல, சுவர் இடுக்குல முளைக்கிற வெட்டுக்காயப் பூண்டு இருக்கே, சின்ன வயசுல தலையைச் சுண்டி விளையாடியிருப்பீங்க, அதுவும் இதே குடும்பம்தான். அதுல நடுவுல மஞ்சளா இருக்கிறது எல்லாம் வட்டுப்பூக்கள். ஓரத்துல வெளிறின நிறத்துல, நுனியில மூணு பல்லோட இருக்கிற அஞ்சு "இதழ்கள்" கதிர்ப்பூக்கள். ஓரத்துல இருக்கிறவங்க விளம்பரம் பண்ணுவாங்க, பூச்சி வந்து இறங்கும், நடுவுல இருக்கிறவங்களுக்கு மகரந்தம் கிடைக்கும்.

இப்ப திரும்ப நியூசிலாந்துக்கு. ரவூலியாங்கிற பேரினத்துல இருபதுக்கும் மேல இனங்கள் இருக்கு. இந்தக் குடும்பத்துக்கே அடையாளமா நாம நினைக்கிற அந்த ஓரத்துக் கதிர்ப்பூக்கள் இவங்க கிட்ட கிடையாது. ஓரத்துல நூல் மாதிரி மெல்லிசா பெண் பூக்கள், நடுவுல ஆணும் பெண்ணும் சேர்ந்த வட்டுப்பூக்கள், அவ்வளவுதான். அப்ப விளம்பரத்துக்கு என்ன பண்றாங்க?

பாதிப் பேர் விளம்பரமே பண்றதில்லை. தாவர ஆட்டோட பூத்தலை சில மில்லிமீட்டர்தான், இலைகளுக்கு நடுவுல புதைஞ்சு கிடக்கும். ஆனா ரவூலியா கிராண்டிஃபுளோரான்னு ஒரு இனம் இருக்கு. மலையுச்சிகள்ல, வெள்ளி நிறத்துல, உள்ளங்கை அகலத்துக்குத் தரையோட தரையாப் படர்ந்திருக்கும். கோடையில, அதாவது அவங்களுக்கு டிசம்பர், ஜனவரி மாசங்கள்ல, அது மேல ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துல அழகான வெள்ளைப் பூக்கள் காம்பே இல்லாமல் ஒட்டி வச்ச மாதிரி பூக்கும். சுத்திலும் கூர்மையான வெள்ளை இதழ்கள். பார்த்தவுடனே டெய்சின்னு சொல்லிடுவீங்க. அந்த வெள்ளை இதழ்கள் இதழும் இல்லை, பூவும் இல்லை. பூத்தலைக்கு அடியில மொட்டைப் பொத்திப் பாதுகாக்கிற செதில்கள்தான் அவை. நம்ம வெட்டுக்காயப் பூண்டுல பச்சையா ஒதுங்கி நிக்கிற அதே உறுப்பு. இங்க அது காகிதம் மாதிரி காய்ஞ்சு, வெளுத்து, நீண்டு, இதழ் வேஷம் போடுது.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். கதிர்ப்பூவே ஒரு இதழ் வேஷம்தான். அந்த வேஷத்தைத் தொலைச்ச ஒரு செடி, வேற ஒரு துணியை எடுத்து அதே வேஷத்தைத் திரும்பத் தைச்சுக்கிட்டிருக்கு.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புல்வெளிகள்ல நடந்தவங்களுக்கு இந்தத் துணி பழக்கமானதுதான். வெள்ளை வெளேர்னு கொத்துக் கொத்தா, தொட்டா காகிதம் மாதிரி சரசரக்கிற அனாஃபாலிஸ் பூக்கள், பறிச்சுக் காய வச்சாலும் மாறாமல் இருக்குமே, அதுல வெள்ளையாத் தெரியறதும் இதே செதில்கள்தான். அனாஃபாலிஸும் ரவூலியாவும் டெய்சிக் குடும்பத்துக்குள்ள ஒரே கிளையைச் சேர்ந்தவை. நீலகிரியோட பேரையே வச்சுக்கிட்டு அனாஃபாலிஸ் நீல்கெரியானான்னு ஒரு இனமும் இருக்கு. ஆக, தாவர ஆட்டுக்கு நம்ம மலையில ஒண்ணு விட்ட சொந்தம் உண்டு.

பூ போதும், உடம்புக்கு வருவோம். இந்தச் செடியோட நிஜமான சாமர்த்தியம் அங்கதான் இருக்கு.

தரையை ஒட்டி வளர்ற மலைச்செடிகளை ரெண்டு மாதிரியாப் பிரிக்கலாம். ஒண்ணு பாய். இன்னொண்ணு திண்டு. பாய்ச்செடியோட தண்டு தரையிலேயே ஊர்ந்து போகும். போற வழியில அங்கங்க வேர் விடும். ஒரு பக்கம் அறுந்தாலும் இன்னொரு பக்கம் பிழைச்சுக்கும். கிராண்டிஃபுளோரா பாய் ரகம். ரவூலியா ஆஸ்ட்ராலிஸ்னு இன்னொண்ணு, ஒரு சென்டிமீட்டர்கூட எழும்பாமல், ரெண்டு மில்லிமீட்டர் இலைகளோட வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி தரையில படரும். வெளிநாட்டுத் தோட்டக்காரங்க பாறைத் தோட்டத்துல வைக்கிறதுக்குக் காசு கொடுத்து வாங்குவாங்க. திண்டுச் செடி வேற மாதிரி. நடுவுல ஒரு ஆணிவேர், அதுலேர்ந்து எல்லாத் திசையிலயும் கிளைகள் கிளம்பும், எல்லாக் கிளையும் ஒரே வேகத்துல வளரும். எதுவும் முந்தக் கூடாது. முந்தினா காத்து அதோட நுனியைக் கருக்கிடும். அப்படி எல்லாரும் ஒரே அளவா வளர்ந்தா கிடைக்கிற வடிவம்தான் அரைக்கோளம். தாவர ஆடு இந்த ரகம்.

இப்ப அந்தத் திண்டைக் குறுக்கே வெட்டினதா கற்பனை பண்ணிப் பாருங்க. நிஜத்துல வெட்டாதீங்க. மேல இருக்கிற மெல்லிய ஓடு மட்டும்தான் உயிருள்ள இலை. அதுக்குக் கீழ பழுப்பா, போன வருஷத்து இலைகள். அதுக்கும் கீழ அதுக்கு முந்தின வருஷத்து இலைகள். எந்த இலையும் கீழ விழறதில்லை. விழ இடமே இல்லை, அவ்வளவு நெருக்கம். செத்த இலை செத்த இடத்துலேயே நிக்கும், மெதுவா மக்கும். உள்ள போகப்போக அது ஈரமான, பஞ்சு மாதிரியான கரிய மட்கா மாறியிருக்கும். மழையும் பனிமூட்டமும் கொண்டு வர்ற தண்ணியை அது ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வச்சுக்கும். அப்புறம் கிளைகள்லேர்ந்து புதுசா வேர்கள் கிளம்பும். பள்ளிக்கூடத்துல வேற்றிட வேர்னு படிச்சிருப்போம், ஆலமரத்து விழுது மாதிரி. ஆனா இந்த வேர்கள் வெளிய வராது. செடிக்குள்ளயே, தன்னோட செத்த இலைகள் மக்கின அந்த மண்ணுக்குள்ளயே இறங்கும்.

இது நிஜமாவே விசித்திரமான ஏற்பாடு. வெளிய இருக்கிறது வெறும் கல். அங்க மண்ணு உருவாகறதே அபூர்வம், உருவானாலும் காத்து அடிச்சுட்டுப் போயிடும், இல்லைன்னா சரிவுல உருண்டுடும். அதனால இந்தச் செடி தன்னோட மண்ணைத் தானே தயாரிச்சு, தன்னோட உடம்புக்குள்ளயே பூட்டி வச்சுக்குது. போன தலைமுறை இலையில இருந்த சத்து அடுத்த தலைமுறை இலைக்குத் திரும்பப் போகுது, வெளிய கசியறது ரொம்பக் குறைவு.

தண்ணி, சாப்பாட்டுக்கு அடுத்து வெப்பம். மலை மேல குளிர் மட்டும் பிரச்சினை இல்லை, காத்தும் பிரச்சினை. வெயில்ல ஒரு இலை சூடாகும்போது அதை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காத்துப் படலம் உருவாகும். பலமா காத்து அடிச்சா அந்தப் படலம் பிய்ச்சுட்டுப் போயிடும். கொதிக்கிற காபியை ஊதிக் குடிக்கிறோமே, அதே கணக்கு. தரையை ஒட்டிக் கிடந்தா காத்தோட வேகம் குறைவு. மேற்பரப்பு இடைவெளி இல்லாமல் வழவழன்னு இருந்தா காத்து உள்ள புகுந்து கலக்க முடியாது. அதுக்கு மேல மயிர்ப் போர்வை வேற. அதனால உலகத்துல பல மலைகள்ல இந்த மாதிரி திண்டுச் செடிகளை அளந்து பார்த்தப்போ, வெயில் நேரத்துல அதோட மேற்பரப்பு சுத்தியிருக்கிற காத்தை விடப் பத்து டிகிரிக்கும் மேல சூடா இருந்திருக்கு. மலையுச்சியில இருந்துக்கிட்டே, இலை பல நூறு மீட்டர் கீழ இருக்கிற தட்பவெப்பத்துல வாழுது. ஏ.சி. ரூமுக்கு நேர் எதிர்.

இன்னொரு எதிரி மண்ணுக்குள்ளயே இருக்கு. ராத்திரி உறைபனியில ஈர மண்ணுக்குள்ள ஊசி ஊசியா ஐஸ் வளரும். அது மேல் மண்ணையும் அதுல முளைச்ச நாத்தையும் சேர்த்து மேல தூக்கும். காலையில வெயில் வந்ததும் ஐஸ் உருகி, நாத்து வேரோட வெளிய கிடக்கும். கோடையில்கூட அங்க எந்த ராத்திரியும் இது நடக்கலாம். ஒரு விதை முளைச்சு நிலைக்கிறது அங்க எவ்வளவு கஷ்டம்னு இதை வச்சு யோசிச்சுப் பாருங்க. ஆனா ஒரு பாய்ச்செடி ஒரு தடவை பரவிட்டா, அதுக்குக் கீழ இருக்கிற மண் அவ்வளவு சுலபமா உறையாது, எழும்பாது. அப்ப வேற செடிகளோட விதைகளும் அந்தப் பாய் மேல வந்து விழுந்து, அங்க முளைக்கும். ஆண்டீஸ் மலையிலயும் ஐரோப்பாவுலயும் திண்டுச் செடிக்கு உள்ள எத்தனை செடி, வெளிய வெறும் தரையில எத்தனை செடின்னு எண்ணிப் பார்த்திருக்காங்க. பல இடங்கள்ல திண்டுக்குள்ளதான் கூட்டம் அதிகம். தாதிச் செடின்னு இதைச் சொல்றாங்க.

இந்த உத்தியை டெய்சிகள் மட்டும் கண்டுபிடிக்கலை. நம்ம லடாக்ல திண்டு மாதிரி பச்சையா உட்கார்ந்திருக்கிற தைலகோஸ்பெர்மம் கார்னேஷன் பூவோட குடும்பம். ஆண்டீஸ்ல இருக்கிற யரேட்டா கொத்தமல்லிக் குடும்பம், அது பிசினோட நல்லா எரியும்னு சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் விறகா வெட்டியிருக்காங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத குடும்பங்கள், சம்பந்தமே இல்லாத மலைகள், கடைசியில ஒரே வடிவம். நியூசிலாந்துல மட்டும் இந்த வேலையை டெய்சிகள் நிறைய எடுத்துக்கிட்டாங்க. அந்த மலைகளும் ரொம்ப இளசு. தென் ஆல்ப்ஸ் இப்ப இருக்கிற மாதிரி எழும்பினது கடந்த சுமார் 50 லட்சம் வருஷத்துக்குள்ளதான், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்துல அது கைக்குழந்தை. ரவூலியா இனங்களுக்குள்ளயும் எல்லைகள் இன்னும் சரியா காயலை. தன்னோட பேரினத்துக்கு வெளிய, லூக்கோஜெனிஸ்ங்கிற நியூசிலாந்து எடெல்வைஸோடகூட கலந்து, இயற்கையிலேயே கலப்புச் செடிகள் முளைக்குது. எந்த இனம் எங்க முடியுதுன்னு சொல்றது வகைப்பாட்டுக்காரங்களுக்குத் தலைவலி.

பேரைப் பத்தி ஒரு வார்த்தை. எத்தியென் ரவூல்னு ஒரு பிரெஞ்சுக் கடற்படை டாக்டர். 1840-ல பிரெஞ்சுக் குடியேறிகள் தெற்குத் தீவோட அக்கரோவாவுக்கு வந்து சேர்றாங்க. அதே வருஷம் பிப்ரவரியில வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாடு பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போயிருந்தது. பிரெஞ்சுக்காரங்க கொஞ்ச மாசம் லேட். ரவூல் அங்க இருந்த காலத்துல வைத்தியத்துக்கு நடுவுல செடி சேகரிச்சார், 1846-ல அதைப் புத்தகமாப் போட்டார். ஜோசஃப் ஹூக்கர் இந்தப் பேரினத்துக்கு அவர் பேரை வச்சார். நாடு கிடைக்கலை, ஒரு டெய்சி கிடைச்சது.

இனிமே சொல்லப் போறதுதான் நான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு நினைச்சதுக்குக் காரணம்.

தெற்குத் தீவுல மேற்குக் கரையில கொட்டற மழையை மலைகள் தடுத்துடும். மில்ஃபோர்ட் சவுண்ட்ல வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. சென்னைக்கு சுமார் 1,400. மலைக்கு அந்தப் பக்கம், சென்ட்ரல் ஒட்டாகோவுல இருக்கிற அலெக்சாண்ட்ரா ஊர்ல 400-கூடத் தாண்டாது. அந்த வறண்ட பூமியில உயரமான புல்லுங்க கொத்துக் கொத்தா நின்னுச்சு. அங்க வௌவாலைத் தவிர நிலத்துல வாழ்ற பாலூட்டியே கிடையாது. அந்தப் புல்லை மேய்ஞ்சது எல்லாம் பறவைகளும் பூச்சிகளும்தான். 1850-கள்லேர்ந்து குடியேறிகள் புல்வெளியைக் கொளுத்தி, ஆடுகளை ஓட்டினாங்க. கூடவே முயலையும் விட்டாங்க, வேட்டையாடலாம், சாப்பிடலாம்னு. முயல் என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். 1876-லயே முயல் தொல்லைக்குன்னு தனிச் சட்டம் போட வேண்டிய நிலைமை.

புல்லு போச்சு. மண்ணு வெளிய தெரிய ஆரம்பிச்சது, காத்துல பறக்க ஆரம்பிச்சது. பூமியே தோல் உரிஞ்ச மாதிரி ஆச்சு. அந்த வெறும் தரையில வட்ட வட்டமா, சாம்பல் கலந்த வெள்ளி நிறத்துல ஒண்ணு பரவிச்சு. நான் முன்னாடி சொன்ன ரவூலியா ஆஸ்ட்ராலிஸ். வழக்கமா ஆத்துப் படுகையில, சரளையில முதல் ஆளா வந்து குடியேறுற செடி. ராக்காயா, வைமக்காரிரி மாதிரி பின்னிப் பின்னி ஓடுற ஆறுகள் வெள்ளத்துல புரட்டிப் போட்ட கல் மேல இவங்கதான் முதல்ல பாய் விரிப்பாங்க. இங்க மனுஷனே வெள்ளம் மாதிரி எல்லாத்தையும் புரட்டிட்டதால இவங்க மேட்டு நிலத்துக்கும் வந்துட்டாங்க. முயலுக்கு இதைக் கடிக்கப் பிடியே கிடைக்காது. தரையோட ஒட்டிக் கிடக்கு, இலையோ ரெண்டு மில்லிமீட்டர்.

பண்ணைக்காரங்க இதுக்கு வச்ச பேர் ஸ்காப்வீட். ஸ்காப்னா புண்ணு மேல கட்டுற பொருக்கு. பொருக்குக் களை. ஆட்டுக்குத் தீனி ஆகாத, நிலத்தை அசிங்கமாக்குற களைன்னு திட்டித்தான் அந்தப் பேர். அது இருக்கிற நிலம்னா கெட்ட நிலம்னு அர்த்தம் ஆச்சு. அந்தக் கடைசி விஷயம் உண்மைதான். ஆனா காரணத்தையும் விளைவையும் திருப்பிப் போட்டுட்டாங்க. நிலம் கெட்டதால செடி வந்தது, செடி வந்ததால நிலம் கெடலை. அந்தப் பேரைப் பத்தி யோசிச்சா இன்னும் வேடிக்கை. பொருக்கு புண்ணை உண்டாக்குறதில்லை, புண்ணை மூடுது. ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தப் பாய்தான் பல இடங்கள்ல மிச்சம் இருந்த மண்ணைப் பிடிச்சு வச்சது. திட்டறதுக்குன்னு தேடிப் பிடிச்ச வார்த்தை அவங்களை அறியாமலேயே சரியான வார்த்தையா அமைஞ்சு போச்சு. 1920 வாக்குல லெனர்ட் கோக்கேன்ங்கிற தாவரவியலாளர் இந்த நிலத்துல புல்லைத் திரும்பக் கொண்டு வர்றதுக்குச் சோதனைகள் செஞ்சார். நியூசிலாந்துல செடிகளை அது வாழ்ற சூழலோட சேர்த்துப் படிக்கணும்னு அழுத்திச் சொன்ன ஆள் அவர்.

இந்தக் கதையில அடுத்த பாத்திரமும் ஒரு டெய்சிதான், அதுவும் பாய்ச்செடி. ஆனா வெளியூர். ஐரோப்பாவுலேர்ந்து வந்த ஹாக்வீட், அதுல சுண்டெலிக் காது மாதிரி மயிரடர்ந்த இலை இருக்கிற ஒரு இனம். சொந்த ஊர்ல அது சாதாரண வழியோரச் செடி. இங்க வந்து புல்லு அழிஞ்ச மேட்டு நிலத்துல ஓடுதண்டு விட்டுப் பரவி, லட்சக்கணக்கான ஹெக்டேர்ல ஊடுருவிடுச்சு. பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை வைக்கும். அதோட பாய் அவ்வளவு அடர்த்தி, நடுவுல வேற எதுவும் தலை தூக்க முடியாது. ரெண்டுமே ஒரே குடும்பம், ரெண்டுமே பாய். ஒண்ணோட பாய் மேல மத்த செடிகள் முளைக்குது, இன்னொண்ணோட பாய்க்கு அடியில மத்த செடிகள் மூச்சுத் திணறுது. "படர்ந்து வளரும், அதனால மண்ணுக்கு நல்லது"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றவங்களை எனக்கு நம்பத் தோணாதது இதனாலதான். யார் படர்றாங்க, எங்க படர்றாங்கன்னு பார்க்கணும்.

சரி, உச்சியில இருக்கிற தாவர ஆடு? அதுக்கு ஹாக்வீட் அவ்வளவா எட்டாது, முயலும் எட்டாது. ஆனா அது வாழ்றதுக்குக் கத்துக்கிட்ட எல்லாமே ஒரு விஷயத்தை நம்பி இருக்கு. அவசரம் கூடாது. வருஷத்துக்கு மில்லிமீட்டர் கணக்குல வளர்ற உடம்பு அது. உயரமான செடிகள் அங்க வராததாலதான் அதால பிழைக்க முடியுது. யாராவது பக்கத்துல ஒரு அடி உயரத்துக்கு வளர்ந்து நிழல் போட்டா, தரையோட ஒட்டிக் கிடக்கிற திண்டுக்கு எழுந்து போட்டி போடத் தெரியாது. கடந்த நூறு வருஷத்துல நியூசிலாந்தோட சராசரி வெப்பம் சுமார் 1 டிகிரி ஏறியிருக்கு. வெப்பம் ஏற ஏற கீழ இருக்கிற புல்லும் புதரும் மேல நகரும். திண்டுச் செடியும் நகரலாம்தான், விதை மூலமா, தலைமுறை தலைமுறையா. ஆனா பல மலைகள்ல அது ஏற்கெனவே உச்சிக்குப் பக்கத்துல இருக்கு. அதுக்கு மேல வெறும் வானம். இது எவ்வளவு வேகமா நடக்கும்ங்கிறது மலைக்கு மலை வேறுபடும். நிழல் விழற தெற்குச் சரிவுலயும் பாறை முகட்டுலயும் அது இன்னும் ரொம்ப காலம் தாக்குப் பிடிக்கலாம். அங்க சூரியன் வடக்கு வானத்துல போறதால தெற்குச் சரிவுதான் குளிர்ச்சி, நம்ம பழக்கத்துக்கு நேர் மாறு.

வயசான திண்டு ஒரே நாள்ல சாகறதில்லை. ஒரு பக்கம் ஓடு விரிசல் விடும். காத்து உள்ள புகுந்து, அத்தனை வருஷமா சேர்த்து வச்ச கரிய மட்கை வெளிய இழுக்கும். மேல வெள்ளைக் கம்பளி, நடுவுல ஒரு கரும்பள்ளம். அந்தப் பள்ளம்தான் அக்கம்பக்கத்துலேயே கொஞ்சமாவது மண்ணும் ஈரமும் இருக்கிற ஒரே இடமா இருக்கும். வேற செடியோட விதை அங்க வந்து விழுந்து, பிடிச்சுக்க வாய்ப்பு உண்டு. திண்டோட மறு பக்கம் அப்பவும் உயிரோட, டிசம்பர் வந்தா பூத்துக்கிட்டு இருக்கலாம்.

எப்பவாவது கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் போற ரோட்டுல போனா, வழியில வர்ற டார்லெஸ், கிரெய்கிபர்ன் மலைத்தொடர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்க்க நல்ல இடம். மேல ஏறணும், கீழ ரோட்டுலேர்ந்து தெரியாது. ஏறினா கல்லு மேல காலை வச்சு நடங்க. போட்டோவுக்காக ஆடு மேல உட்கார நிறையப் பேருக்கு ஆசை வரும், உட்கார்ற அளவுக்கு அது கெட்டியாவும் இருக்கும். ஓடு உடைஞ்சா அது திரும்ப மூட எத்தனை வருஷம் ஆகும்னு இப்ப உங்களுக்கே கணக்கு தெரியும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.